வற்ற இறைத்த நீச்சல் குளம்

தம்பி,

இந்தக் கடிதத்தை நான் ஒட்டவில்லை. நாளைக் காலைப் படகில் போர்ட் பிளேயருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்து, டெய்ரி ஃபார்ம் பஜாரில் மோட்டர் காயில் கட்டுகிற உன் கடையில் சேர்த்துவிடச் சொல்லப் போகிறேன். வழியில் யார் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும், எனக்கு நல்லதுதான். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். இங்கே ஹேவ்லாக் தீவில் மழை பிடித்துக்கொண்டது, டவர் வருவதும் போவதும் அதன் இஷ்டம். அதோடு, நான் பாதி சொல்வதற்குள் "சரிம்மா, விடும்மா, கஸ்டமர் வந்திருக்காங்க" என்று வைத்துவிடுகிற ஆள் நீ. ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கிற பிள்ளைக்கு அம்மா கடிதம் எழுதினால் புத்திமதிதான் இருக்கும் என்று நினைப்பாய். அதுவும் இருக்கிறது, தப்பிக்க முடியாது. ஆனால் அதற்கு முன்னால் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏழு வருஷத்துக்கு முன்னால் இந்த ரிசார்ட்டின் நீச்சல் குளம் பிளந்ததே, அதற்குக் காரணம் நீ இல்லை. நான்.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், போன வாரம் கவிதா பேசினாள். உனக்குப் பார்த்திருக்கிற பெண் உன்னைப் பற்றி என்னிடம் புகார் சொல்ல ஆரம்பித்துவிட்டாள், இனி எனக்குப் பொழுது போகும் என்று சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். "அத்தை, ஒங்க மகன் கடையப் பூட்டிட்டு லம்பா லைன்ல எங்க வீட்டுக்கு வருவாரு, பாதி வழியிலயே வண்டியத் திருப்பிக்கிட்டுப் போயி மெயின் சுவிட்சப் பாத்துட்டு வருவாரு. சில நாளு ரெண்டு தடவ. கேட்டா, நான் மறதிக்காரன், மோட்டர நிறுத்தாமப் போயி ஒரு குளத்தையே ஒடச்சவன்னு சொல்றாரு" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள், நானும் சிரித்தேன். பிறகு அவள் குரல் மாறியது. படகுக் கம்பெனியில் இஞ்சின் ரூம் வேலைக்கு உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்களாம், நீ வேண்டாம் என்று சொல்லப் போகிறாயாம். "அத்தன பேரு உசுர என்னைய மாதிரி ஆளு கையில குடுக்கலாமான்னு கேக்குறாரு அத்தை. திங்கக்கெழமைக்குள்ள பதில் சொல்லணும். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்." போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சுனாமிக்குப் பிறகு கச்சால் தீவிலிருந்து நம்மை ஏற்றிவந்த கப்பலில், எல்லாரும் தலையில் கை வைத்துக்கொண்டு அழுதபோது, ஒன்பது வயதில் நீ இஞ்சின் ரூம் வாசலிலேயே நின்றாய். சாப்பிடக் கூப்பிட்டதற்குக்கூட வரவில்லை. அந்தப் பிள்ளைதான் இன்றைக்கு இஞ்சின் ரூம் வேலையை வேண்டாம் என்கிறான். அவனை அப்படி ஆக்கியது நான்.

போன புதன்கிழமை குளத்தை மூடினோம். மெயின்லேண்டிலிருந்து வருகிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஒரு தடவை ஒரு வெள்ளைக்காரர் தன் வீட்டுக் கொல்லையில் இருக்கிற குளத்தைப் பனிக்காலத்துக்காக மூடி வைத்திருக்கிற படத்தைப் போனில் காட்டினார், ஞாபகம் இருக்கிறதா? மேலெல்லாம் வெள்ளைவெளேரென்று பனி. எங்களுக்கு மழைக்காலத்துக்கு மூடுவது என்று உன் அப்பா அவருக்குக் கையால் மழை பெய்து காட்டினார். வேலை எல்லாம் நீ இருந்தபோது செய்த அதே வேலைதான். வலையால் இலை அள்ளுவது, சுவரைப் பிரஷ் போட்டுத் தேய்ப்பது, அடியில் படிந்ததை உறிஞ்சி எடுப்பது, ஃபில்டரைக் கழுவிவிடுவது. பிறகு தண்ணீரை குளத்துச் சுவரில் பதித்த நீலக் கல்லின் இரண்டாவது வரிசைக்குக் கீழே ஒரு சாண் இறக்கி, அதோடு நிறுத்துவது. பிளீச்சிங் பவுடரும் மயில் துத்தமும் கரைத்து ஊற்றிவிட்டு, மோட்டரைக் கழற்றிச் சாக்கில் சுற்றி ஸ்டோரில் வைத்துவிட்டு, கடைசியில் தார்ப்பாய். உன் அப்பா போட்ட முடிச்சு எப்போதும் போல அவிழ்ந்தது. எப்போதும் போல அவர் கயிற்றைத் திட்டினார், நான் மறுபடி கட்டினேன். முப்பது வருஷமாக எங்கள் குடும்பம் இப்படித்தான் ஓடுகிறது, நன்றாகத்தான் ஓடுகிறது.

மருந்து போடுவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் வேலைக்காரர்கள் எல்லாரும் குளத்தில் குளிக்கலாம் என்பது வங்காளி முதலாளி மண்டல் தாதா வைத்த வழக்கம். சீசன் முழுக்க நாம் தேய்த்துக் கழுவி, டவல் மடித்துக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்கிற குளம், அந்த ஒரு மணி நேரம் நம்முடையது. இங்கே வந்த முதல் வருஷம் உனக்குப் பன்னிரண்டு வயது. சுனாமிக்குப் பிறகு நீ பக்கெட் தண்ணீரை மக்கில் மொண்டு ஊற்றிக்கொள்வதோடு சரி. கடற்கரைக்குக் கூப்பிட்டால் மரத்தைக் கட்டிக்கொள்வாய். அன்றைக்கு எல்லாரும் குதித்துக் கூத்தடிக்கிறபோது நீ படியில் உட்கார்ந்து ஒரு காலை விட்டாய், பிறகு இன்னொரு காலை. அப்புறம் என்ன நினைத்தாயோ, என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு இறங்கினாய். தண்ணீர் உன் மார் வரைக்கும்தான். "அம்மா, தரை இருக்கும்மா" என்று கத்தினாய். தோட்டத்தில் நின்ற உன் அப்பா கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அந்தக் குளத்தின் மேல் எனக்கு இருக்கிற பாசம் அன்றைக்கு வந்தது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நீ பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருஷம். தாதா குடும்பத்தோடு கல்கத்தா போயிருந்தார். மூடுகிற வேலையை நம்மிடம் ஒப்படைத்து, நீலக் கல்லைத் தொட்டுக் காட்டி, "இத்னா ஹி, தீதி, ஔர் நஹீ" என்று என்னிடம் இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் போனார். இவ்வளவுதான் அக்கா, இதற்கு மேல் இறக்காதே என்று. காலையில் நீ மோட்டரைப் போட்டுவிட்டுக் குளித்தாய், தண்ணீர் அந்த அளவுக்கு இறங்கியதும் நிறுத்தினாய். மார்க் ஷீட் வாங்குவதற்காக மத்தியானப் படகில் போர்ட் பிளேயர் கிளம்பினாய். உன்னைப் படகுத்துறையில் விட்டுவிட்டு வந்து குளத்தைப் பார்த்தேன். அந்த வருஷம் பாசி அதிகம், அடித்தரை வழவழவென்று பச்சையாகத் தெரிந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை. இந்தப் பச்சைத் தண்ணீரைப் போட்டு நாலு மாதம் மூடி வைப்பதா, இது என்ன வேலை, அரைகுறை வேலை என்று தோன்றியது.

உனக்குத் தெரியும், எனக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்யக் கற்றுக்கொடுத்தது கச்சால் கிணறுதான். கடல் வந்து போன பிறகு நம் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்துக் கிணறெல்லாம் உப்பும் சேறுமாகக் கிடந்தது. தகரக் கொட்டகையில் இருந்துகொண்டு நாங்கள் பெண்களே இறங்கி, பம்ப்செட் வைத்து, ஒரே கிணற்றை மூன்று தடவை வற்ற இறைத்தோம். அடிச் சேற்றை வாளியில் அள்ளி, சுவரைத் தேய்த்து, பிளீச்சிங் தூவி, ஊற்று திரும்பி வருகிற வரைக்கும் காத்திருந்தோம். மூன்றாவது தடவை வந்த தண்ணீரை நான்தான் முதலில் வாயில் வைத்துப் பார்த்தேன். உப்பு இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த பெருமை உன்னைப் பெற்றபோதுகூட வந்திருக்காது, கோபித்துக்கொள்ளாதே. கெட்ட தண்ணீர் என்றால் அடி தெரிய இறைத்துவிட வேண்டும் என்பது அன்றைக்கு என் மண்டையில் ஏறியது, இறங்கவே இல்லை. ரிசார்ட் குளமும் எனக்குக் கிணறாகத்தான் தெரிந்தது. உன் அப்பா தோட்டத்துக் கோடியில் வேலையாக இருந்தார், மற்றவர்கள் குளித்துவிட்டுப் போய்விட்டார்கள். நீ நிறுத்திவிட்டுப் போன மோட்டரை நான் மறுபடி போட்டேன். சாயங்காலத்துக்குள் குளம் வற்றிவிட்டது. இறங்கி அடித்தரை முழுக்கத் தேய்த்து, பிளீச்சிங் தூவி, மேலே ஏறி நின்று பார்த்தால் வெள்ளையாக அப்படி ஒரு சுத்தம். தாதா வந்து பார்த்து அசந்துபோவார் என்று நினைத்தேன்.

அசந்துதான் போனார். மூன்று நாள் விடாமல் மழை, யாரும் குளத்துப் பக்கம் போகவில்லை. கடற்கரை மணல் அது, மழையில் கீழே ஊறிய தண்ணீர் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. உள்ளே தண்ணீர் இருந்தால் அந்தக் கனம் தரையை அமுக்கிப் பிடித்துக்கொள்ளுமாம். நான்தான் அந்தக் கனத்தை எடுத்துவிட்டேனே. நாலாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் அடித்தரை பூரி மாதிரி உப்பி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பிளந்திருந்தது. நீலக் கல் நாற்பது ஐம்பது பெயர்ந்து கிடந்தது. இந்த விளக்கமெல்லாம் பிற்பாடு வந்த மேஸ்திரி சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், இத்னா ஹி என்று தாதா தொட்டுக் காட்டியது மட்டும்தான்.

மறுநாள் தாதா வந்து இறங்கினார். குளத்தோரம் நின்று பிளவை எட்டிப் பார்த்தார். பிறகு, "கிஸ்னே கியா?" என்றார். யார் செய்தது என்று. நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. "பையன் மோட்டர நிறுத்த மறந்துட்டுப் போயிட்டான் தாதா" என்று என் ஹிந்தியில் சொன்னேன். அவ்வளவுதான். ஏன் சொன்னேன் என்று ஏழு வருஷமாக என்னையே கேட்கிறேன். தகரக் கொட்டகையில் வெந்து, போர்ட் பிளேயரில் நாலு வீடு மாறி, கடைசியில் ரிசார்ட்டுக்குப் பின்னால் கதவு வைத்த ஒரு ரூம் கிடைத்திருந்தது. அந்தக் கதவைத்தான் நினைத்தேன். வேலைக்காரி சொல்பேச்சு கேட்காமல் செய்தால் வெளியே போ என்பார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மறந்தால் திட்டிவிட்டு விடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். பயம்தான் தம்பி, வேறு ஒன்றும் இல்லை. நீ ஊரில் இல்லாதது எனக்கு வசதியாக இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். அதை எழுதாவிட்டால் இந்தக் கடிதமும் அரைகுறை வேலையாகிவிடும்.

நாலு நாள் படகெல்லாம் நின்று, பிறகு விட்ட படகில் டிக்கெட் கிடைக்காமல் நீ ஆறாம் நாள்தான் வந்தாய். கையில் மார்க் ஷீட், வாயெல்லாம் சிரிப்பு. உன் அப்பா படகுத்துறையிலேயே உன்னை அறைந்தார். அதுவரை உன்மேல் கை வைத்தே அறியாத மனுஷன், துறை முழுக்க ஆள் பார்க்கும்போது அறைந்தார். "மோட்டர ஆஃப் பண்ணுனியா இல்லியாடா?" என்றார். "பண்ணுனேன்ப்பா" என்று பட்டென்று சொன்னாய். வீட்டுக்கு வருகிற வழியில் மறுபடி கேட்டார். "பண்ணுனேன்னுதான் நெனக்கிறேன்" என்றாய். அப்போதும் நான் பேசவில்லை. சோறு போட்டபோது நீயே என்னிடம் கேட்டாய், "படகுக்கு நேரமாச்சுன்னு ஓடுனேன்ல்லம்மா, மறந்துட்டேனோ?" உன் முகத்தைப் பார்க்காமல் குழம்பு ஊற்றினேன். "போல இருக்கு" என்றேன். தாதா அடித்ததைவிட, அப்பா அடித்ததைவிட, அதுதான் பெரிய அடி. தாதா உன்னை அடிக்கவே இல்லை, வார்த்தைக்குச் சொல்கிறேன். இனிமேல் மோட்டர் பக்கம் போகாதே என்று மட்டும் சொன்னார். ஒரு மாதத்தில் நீ போர்ட் பிளேயருக்குப் போய்விட்டாய். செய்யாத தப்பைச் செய்ததாக நீயே நம்பிக்கொண்டு போனாய். நீ அப்பாவை எதிர்த்துச் சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

இந்த வருஷம் புதன்கிழமை தார்ப்பாயின் ஒரு மூலையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன், மறு மூலை தாதா கையில். கவிதாவின் பேச்சு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. "தாதா, அன்னிக்கு மோட்டரப் போட்டது நான்தான், பையன் இல்ல" என்று சொல்லிவிட்டேன். அவர் கயிற்றை இழுப்பதை நிறுத்தவில்லை. முடிச்சைப் போட்டு முடித்தார், தட்டிப் பார்த்தார். "லட்கே கோ பதாயா?" என்று கேட்டார். பையனிடம் சொல்லிவிட்டாயா என்று. இல்லை என்றேன். "முதல்ல அவன்கிட்டல்ல சொல்லணும், தீதி" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாலு மணிக்கு எப்போதும் நான் போடுகிற டீக்கு வருகிறவர் அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அந்த ரூம் கதவை நான் இரண்டு நாளும் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் வந்தார். டீயைக் குடித்துவிட்டு, கல்யாணத்துக்குத் தானும் வருவதாகவும், உன்னை எல்லார் முன்னாலும் கட்டிப் பிடித்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். "தாதா, அதுக்கு முன்னால நான் எழுதிடுறேன்" என்றேன். என் வேலை அப்படியேதான் இருக்கிறது. ஏழு வருஷம் எதற்குப் பயந்தேன் என்று நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. போயிருந்தாலும் போயிருக்கட்டும், பிள்ளையைவிடக் கதவு பெரிதா.

உன் அப்பாவிடமும் சொன்னேன். திட்டுவார் என்று தயாராக இருந்தேன். தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்குக் காலையில் நான் எழுத உட்கார்ந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எழுதியதை எல்லாம் படித்துக் காட்டச் சொன்னார். கடைசியில், "நான் சொல்றதயும் ஒரு வரி எழுது. கேக்காம அடிச்சுட்டேன், அப்பா செஞ்சது தப்புன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன். கேட்டுவிட்டுத்தானே அடித்தீர்கள் என்று அவரிடம் திருத்திச் சொன்னேன். "அடிச்சுட்டுத்தானடி கேட்டேன்" என்றார். அவர் சொல்வதுதான் சரி.

இப்போது புத்திமதி. உனக்கும் பிள்ளை பிறக்கும். அது "பண்ணுனேன்" என்று சொன்னால் முதல் தடவையே நம்பிவிடு, இரண்டாம் தடவை கேட்காதே. கவிதாவிடம் கேஸ் சிலிண்டரையும் சாவியையும் நீயே பார்த்துக்கொள் என்று சொன்னாயாமே, அந்தப் பேச்சை வாபஸ் வாங்கு. அவளும் வேலைக்குப் போகிற பெண், எல்லாவற்றையும் அவள் தலையில் கட்டாதே. தப்புப் பண்ணினால் அன்றைக்கே சொல்லிவிடு. நான் மறுநாள் சொல்லலாம், அடுத்த மாதம் சொல்லலாம் என்று விட்டதில் ஏழு வருஷம் போய்விட்டது. என்மேல் கோபம் வந்தால் கோபப்படு. கல்யாணத்துக்கு வராதே என்று சொல்லிவிடாதே, சேலை எடுத்தாகிவிட்டது. ஆனால் கோபத்தில் என்னோடு பேசாவிட்டாலும் திங்கட்கிழமை படகுக் கம்பெனிக்காரர்களிடம் பேசிவிடு. நான் சொல்லி ஊர் முழுக்க நம்பிய பொய் என்பதால்தான் இதை ஒட்டாமல் அனுப்புகிறேன். கடையில் வேலை செய்கிற பையன்களிடமும் படித்துக் காட்டு, கவிதாவிடமும் படித்துக் காட்டு.

இன்னொன்று. இந்தக் கடிதம் வந்து சேர்கிற அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு லம்பா லைனுக்குக் கிளம்புவாய். பாதி வழியில் வண்டியைத் திருப்பத் தோன்றும். திருப்பாதே. அன்றைக்கு நான் குளத்துப் படியில் உட்கார்ந்து உன் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். நீ தலை துவட்டிய துண்டிலேயே கையைத் துடைத்தாய், மோட்டர் சுவிட்சை அமுக்கினாய். படகுக்கு நேரமாகிவிட்டது என்று நான் கத்தியும், குனிந்து சிவப்பு விளக்கு அணைந்துவிட்டதா என்று பார்த்தாய். அணைந்திருந்தது. அதற்குப் பிறகுதான் போனாய். நான் பார்த்தேன்.

அம்மா